காணாமல் போகாதவரைத் தேடுவது

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு சீனத்துப் பாட்டி இருப்பது அதிசயமே இல்லை. சேலை, நெற்றியில் திருநீறு, காதில் தோடு, வாயில் சுத்தமான தோட்டத்துத் தமிழ். முகம் மட்டும் சீனத்தி முகம். கல்யாண வீடுகளில் புதிதாக வந்தவர்கள் ஒரு கணம் திகைத்துப் பார்ப்பார்கள். பழகியவர்களுக்கு அது கண்ணில்கூடப் படாது. போருக்கு முன்பும், ஜப்பான்காரன் காலத்திலும், அதற்குப் பிறகும், கையில் ஒன்றுமில்லாத சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுத்தன. பிள்ளை இல்லாத தமிழர்கள் ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தால் வயிற்றில் ஒன்று தங்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. கொடுத்தவர்கள் பக்கத்தில் வேறு காரணங்கள். ஆண் வாரிசு வேண்டும் என்பது ஒன்று. புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஒன்று. பெற்றவர்களுக்கும் பிள்ளைக்கும் ஜாதகம் முட்டுகிறது, வேற்று வீட்டுக்குக் கொடுத்துவிடு என்று கோயிலில் சாமி வந்தவர் சொல்வது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் அரிசிப் பானை காலியாக இருந்தது.

என் அம்மாவின் அம்மா அப்படி வந்தவர். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். 1943ஆம் ஆண்டு என்று கணக்கு. குழந்தைக்கு அப்போது ஒரு மாதம் இருக்கும் என்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் காய்கறி போட்டிருந்த ஒரு சீனக் குடும்பம் கொடுத்தது. பூட்டன் நாலு காத்தி அரிசியும் பூட்டி ஒரு சேலையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வாழைமர நோட்டுக்கு மதிப்பு கரைந்துகொண்டிருந்த, எல்லாரும் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த காலத்தில் நாலு காத்தி அரிசி சின்ன விஷயமில்லை. அது விலையா, சீரா? வீட்டில் இதை எப்போதும் சீர் என்றுதான் சொல்வார்கள். அரிசியோடு சேலை போனதால் அது சீர்தான் என்று என் பெரிய மாமா ஒருமுறை வாதாடினார். மாமா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். அம்மாவுக்கு நேரடித் தாய்மாமன் கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் ஏழைச் சீனக் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு இருந்த வழிகளில் இது மோசமான வழி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூய் சாய் என்று ஒரு வழக்கம் இருந்தது. சிறு பெண்களைப் பணம் கொடுத்து வாங்கி வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது. ஹாங்காங்கிலும் மலாயாவிலும் இதைப் பற்றி விசாரித்த பிரிட்டிஷ் குழுவின் அறிக்கை 1937இல் வெளிவந்தது. என் பாட்டி லயத்து வீட்டில் ஒரே செல்லப் பெண்ணாக வளர்ந்தார். பூட்டிக்குப் பிறகும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. நம்பிக்கை பொய்த்தாலும் பிள்ளை மீது பாசம் குறையவில்லை.

பாட்டிக்குத் தன் கதை தெரியும். மறைக்க முடியாத கதை, கண்ணாடி இருக்கிற வீடுதானே. நான் இடைநிலைப் பள்ளியில் படித்தபோது, "பாட்டி, ஒங்க சொந்தக்காரங்களத் தேடிப் பாத்தா என்ன?" என்று கேட்டிருக்கிறேன். அவர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்ணும் காணாமப் போகலையே, தேடறதுக்கு."

அதில் கசப்பு இல்லை, வைராக்கியமும் இல்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் இங்கே இருக்கிறேன், என்னைக் கொடுத்த இடம் தெரியும், எடுத்த இடம் தெரியும், இதில் காணாமல் போனது என்ன? அவர் 2016இல் இறந்தார். ஆறு வருடம் கழித்து என் அம்மா ஒரு சிறு குழாயில் துப்பி, மூடியை இறுக்கி, அஞ்சலில் அனுப்பினார்.

இந்தக் கட்டுரையின் கேள்வி அந்தக் குழாயைப் பற்றியது. அதில் இருந்தது யாருடைய உமிழ்நீர்?

அறிவியல் சொல்வது எளிது. ஒவ்வொருவரின் மரபணுவிலும் பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. என் அம்மா துப்பியதில் சரிபாதி பாட்டி. நான் துப்பினால் ஏறக்குறைய கால்வாசி பாட்டி இருப்பார். ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் தாத்தா பாட்டியின் பங்கு ஆளுக்கு ஆள் கூடும், குறையும். அதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் வீட்டில் உயிரோடிருக்கும் மூத்தவரை முதலில் சோதிக்கச் சொல்வார்கள். ஒருவர் இறக்கும்போது அவரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்காத பகுதி எரிந்தோ புதைந்தோ போய்விடுகிறது. பாட்டி சம்மதிக்கவில்லை. சரியாகச் சொன்னால், கேட்கும் அளவுக்கு நாங்கள் பேச்சை வளர்க்கவில்லை. ஆனால் பாட்டியின் பாதி அம்மாவின் உடம்பில் இருக்கிறது, அது அம்மாவின் உடம்பும்தான். தன் எச்சிலைத் துப்ப ஒருவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

நான் இந்த இடத்தில் அம்மா பக்கம். இறந்தவரின் விருப்பம் மதிக்கப்பட வேண்டியதுதான், ஆனால் பாட்டி சொன்னது தடை இல்லை. தனக்குத் தேவையில்லை என்றார், உனக்கும் தேவைப்படக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு. தேவையில்லாதவரின் நிம்மதியைத் தேவைப்படுகிறவர் மீது சுமத்த முடியாது.

சட்டத்தின் பக்கம் போனால் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. ஒரு குழந்தைக்குத் தன் பெற்றோரை முடிந்தவரை அறியும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை ஏழாவது பிரிவில் சொல்கிறது. இங்கிலாந்தில் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் வயது வந்தபின் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம் என்று 1975ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. ஆனால் இவையெல்லாம் தத்துப் போனவரின் உரிமை. அவர் பயன்படுத்தாமல் விட்ட உரிமை மகளுக்கு இறங்குமா? வீடு, நிலம், நகை இறங்கும். கடன்கூட ஒருவகையில் இறங்கும். கேட்காமல் விட்ட ஒரு கேள்வி சொத்தாக இறங்குமா? எனக்குத் தோன்றுவது, அது இறங்குவதில்லை. மகளுக்கு வருவது அம்மாவின் கேள்வி இல்லை, புதிதாகப் பிறந்த இன்னொரு கேள்வி. பாட்டியின் கேள்வி, 'என்னை ஏன் கொடுத்தார்கள்' என்பதாக இருந்திருக்கலாம். அம்மாவின் கேள்வி அது இல்லவே இல்லை. அது என்ன என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தத்துப் பிள்ளை என்றாலே நம் ஆட்கள் கர்ணனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நானும் நிறுத்துகிறேன், வேறு காரணத்துக்காக. கர்ணனுக்கு அவன் பிறப்பைச் சொன்னவர்கள் யார், எப்போது சொன்னார்கள்? கிருஷ்ணன் சொன்னான், போருக்கு முன் அவனைப் பாண்டவர் பக்கம் இழுக்க. குந்தி சொன்னாள், தன் மற்றப் பிள்ளைகளைக் காக்க. அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. உண்மை எப்போதும் யாரோ ஒருவரின் தேவையைத் தோளில் சுமந்துகொண்டுதான் வந்தது. இதில் அதிரதனும் ராதையும் என்ன ஆனார்கள் என்று நாம் கேட்பதே இல்லை. கர்ணன் கேட்டான். ராதை பாலூட்டினாள், அதிரதன் பெயர் வைத்தான், கல்யாணம் செய்து வைத்தான், நான் அவர்கள் பிள்ளை என்று கிருஷ்ணனிடம் சொல்லிவிட்டான். என் பாட்டி மகாபாரதம் படித்தவர் இல்லை. ஆனால் கீரை உருவிக்கொண்டே அவர் சொன்னது ஏறக்குறைய அதுதான்.

ரத்தமா வளர்ப்பா என்ற இந்தப் பழைய வழக்கில் நம் சட்டங்கள்கூட ஒரு பக்கம் முழுதாகச் சாய்வதில்லை. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு எல்லா உறவும் அறுந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு விதிவிலக்கு: பிறந்த வீட்டிலேயே இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ, அவரை இப்போதும் மணக்கக் கூடாது. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டிக்கு எந்தச் சட்டமும் குறுக்கே வரவில்லை, உதவவும் இல்லை. தீபகற்ப மலேசியாவில் இன்று நடைமுறையில் இருக்கும் தத்தெடுப்புச் சட்டங்கள் இரண்டும் 1952இல் வந்தவை. அதற்குள் பாட்டிக்கு ஒன்பது வயது, தமிழ்ப் பெயர், தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. தத்து என்று எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

ரத்தம் நீதிமன்றத்தில் ஜெயித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய சாட்சி உண்டு. மரியா ஹெர்தோக், ஜாவாவில் 1937இல் பிறந்த டச்சுப் பெண். ஜப்பானியர் வந்தபோது தகப்பன் போர்க் கைதியானார். 1942இல் அமினா என்ற பெண்மணியிடம் குழந்தை போனது. தத்தாகவே கொடுத்தார்கள் என்றார் அமினா, கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளத்தான் விட்டேன் என்றார் பெற்றவள். நத்ரா என்ற பெயரில், மலாய் பேசிக்கொண்டு, திரெங்கானுவில் வளர்ந்த பெண்ணை 1949இல் கண்டுபிடித்தார்கள். 1950 டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் பெற்றவர்களிடம் ஒப்படைக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 பேர் செத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது 13 வயது. அதில் மதம் இருந்தது, காலனி ஆட்சி இருந்தது, பத்திரிகைகளின் பொறுப்பின்மை இருந்தது. எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. கண்டுபிடிக்கப்படுவது எல்லாருக்கும் மீட்பு இல்லை. தேடுகிறவர் இதை மறந்துவிடுவது சுலபம், ஏனென்றால் தேடுகிறவரின் கதையில் கண்டுபிடிப்பதுதான் கடைசி அத்தியாயம். கண்டுபிடிக்கப்பட்டவருக்கு அது முதல் அத்தியாயம்.

அம்மாவின் முடிவு வந்தபோது முதல் பக்கத்தில் இருந்தது ஒரு வட்டமும் சதவீதங்களும். பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தென் சீனம், மிச்சம் பெரும்பாலும் தென்னிந்தியா. இதற்கு ஏன் காசு கொடுத்தோம், பாட்டியின் கல்யாணப் படத்தைப் பார்த்தாலே தெரியுமே என்று தம்பி சிரித்தான். அந்தச் சதவீதங்கள் வரலாறு இல்லை. இன்று வாழும் சில ஆயிரம் பேரின் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. நிறுவனம் மாதிரிகளைப் புதுப்பித்தால் சதவீதமும் மாறும். தாய்வழி மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்த்தோம். எஃப் என்ற பெரிய கிளை. தென் சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் அந்தக் கிளையில் எத்தனையோ கோடிப் பேர். பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு பாட்டியைக் காட்டுவார்கள், 1943இல் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த பாட்டியைக் காட்ட மாட்டார்கள்.

காட்டுவது இன்னொரு பட்டியல். அதே தரவுத்தளத்தில் துப்பிய மற்றவர்களில் யார் யாரோடு எவ்வளவு நீளத்துக்கு மரபணு ஒத்துப்போகிறது என்ற பட்டியல். அளவு சென்டிமார்கன். அத்தை மாமா பிள்ளை, சித்தப்பா பெரியப்பா பிள்ளை என்றால் சராசரியாக 866 வரும். அவர்களின் பிள்ளை என்றால் அதில் பாதி. தலைமுறை விலக விலகக் குறைந்துகொண்டே போகும். இதில் ஒரு வேடிக்கை, தமிழர்கள் பக்கம் இந்தக் கணக்கு வீங்கிவிடும். அக்காள் மகளையும் அத்தை மகளையும் கட்டிக்கட்டி ஒரே கயிற்றை நாம் பலமுறை முறுக்கியிருக்கிறோம். பாட்டியின் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. ஒரே குலப்பெயருக்குள் பெண் எடுக்காத சமூகம் அது.

வேறு தொல்லை இருந்தது. பாட்டியின் பெற்றோர் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அங்கே இன்று வாழும் சொந்தங்கள் சோதனை செய்திருந்தாலும் எங்கள் பட்டியலில் வர மாட்டார்கள். சீனாவுக்குள் இருக்கும் நிறுவனங்களின் தரவுத்தளங்கள் தனி. தன் மக்களின் மரபணுத் தகவல் வெளிநாட்டு நிறுவனங்களிடம் போவதை 2019இல் அந்த நாடு சட்டம் போட்டு இறுக்கிவிட்டது. ஆகவே இந்தச் சோதனை கண்டுபிடித்துக் கொடுப்பது நெருங்கிய உறவினரை இல்லை. குழாய் வாங்கக் காசும், வாங்கத் தூண்டும் ஊரும் அமைந்த உறவினரை. அதாவது ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்ட பேரப் பிள்ளைகளை. ஓடைக்கரைக் குடும்பமும் அந்த இடத்தில் இல்லை. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில், கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாமல் தடுக்க, காட்டோரம் இருந்த ஏறத்தாழ 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குள் கொண்டுபோய் அடைத்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். பூட்டனே ஒருமுறை தேடிப்போனதாகவும், ஓடைக்கு அந்தப் பக்கம் பப்பாளி மரங்கள் மட்டும் நின்றதாகவும் வீட்டில் சொல்வார்கள். அவர் எதற்காகத் தேடிப்போனார் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மர்மம் அதுதான்.

பட்டியலில் முதல் பெயருக்கு நேராக 418 என்று இருந்தது. மெல்பர்னில் வசிக்கும் ஒரு பெண், என் வயதுதான். நான் எழுதினேன், பதில் எழுதினாள். நல்ல பெண். அவளுடைய அப்பா வழி ஹாங்காங், அம்மாவின் அம்மா சபாவைச் சேர்ந்தவர். அம்மாவின் அப்பா மட்டும் கெடாவில் ஒரு புதுக்கிராமத்தில் வளர்ந்து ஈப்போவில் தொழில் செய்து, இப்போது மெல்பர்னில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பத்தைந்து தாண்டியவர். போட்டுப் பார்த்தால் கணக்கு சரியாக உட்காருகிறது: அந்தத் தாத்தா என் பாட்டியின் அண்ணன். கொடுத்த வருடம் அவருக்கு ஐந்து வயது.

ஆனால் கணக்கு இன்னொரு விதத்திலும் உட்காருகிறது. பாட்டியும் அவரும் ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயிடம், அல்லது ஒரே தாய்க்கு வேறு வேறு தகப்பனிடம் பிறந்தவர்களாக இருந்து, அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தாலும் 418 வரக்கூடும். சித்தப்பா பெரியப்பா மகள் என்றால் இவ்வளவு பெரிய எண் வராது. ஆக உடன்பிறப்புதான். முழு உடன்பிறப்பா, பாதியா என்பதை மட்டும் அந்த எண் சொல்லவில்லை. எங்களுக்கு இது நுணுக்கம். அவர்களுக்கு அப்படியில்லை. முழு என்றால் அந்தக் குடும்பத்தின் கதையில் வறுமை வருகிறது. பாதி என்றால் கள்ளத்தனம் வருகிறது. யாரும் கேட்காத ஒரு குற்றச்சாட்டை, செத்துப்போன இரண்டு பேர் மீது, அவர்களுடைய பிள்ளையின் கிழ வயதில், ஒரு மின்னஞ்சலில் கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

அவள் தாத்தாவிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் யாரையும் யாருக்கும் கொடுத்ததில்லை என்றாராம். பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். அவளுடைய அம்மா, இதோடு விட்டுவிடுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது, அது இரண்டு தரப்புக்கும் தெரியும். அந்தப் பெரியவர் ஒரு குழாயில் துப்பினால் போதும். அவர் பாட்டியின் முழு அண்ணன் என்றால் என் அம்மாவோடு 1,700ஐ ஒட்டி வரும். பாதி என்றால் அதில் பாதி. இரண்டுக்கும் இடையில் குழப்பமே வராது. அம்மா ஒரு குழாயை வாங்கியே வைத்துவிட்டார்.

இங்கேதான் நானும் அம்மாவும் பிரிந்தோம். என் வாதம் இது. நம் எச்சில் நம்முடையது என்று துப்பினோம், சரி. ஆனால் மரபணு என்பது கையெழுத்தைப் போல ஒருவருக்கு மட்டும் சொந்தமானதில்லை. 2018இல் கலிபோர்னியாவில் பல பத்தாண்டு தேடப்பட்ட கொலைகாரன் பிடிபட்டது அவன் துப்பியதால் இல்லை, அவனுடைய தூரத்து உறவினர்கள் ஒரு பொதுத் தளத்தில் தங்கள் விவரத்தை ஏற்றியிருந்ததால். கொலைகாரன் விஷயத்தில் நாம் கைதட்டுகிறோம். அதே கருவி ஒரு கிழவரின் தாயாரைப் பற்றியும் பேசும். போதாக்குறைக்கு இந்தத் தகவலெல்லாம் வியாபார நிறுவனங்களின் கையில் இருக்கிறது. டுவென்டி-த்ரீ-அண்ட்-மீ நிறுவனத்திடமிருந்து 2023இல் 69 லட்சம் பேரின் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. ஒரு முதியவர் இல்லை என்று சொன்னால் அந்த 'இல்லை' பொய்யாகவே இருந்தாலும் அவருடையது. ஐந்து வயதில் தங்கை போவதைப் பார்த்தவர் என்றால், எண்பது வருடமாக அவர் கட்டிவைத்த சுவர் அது. அதை இடிக்க எண்ணிக்கை சுத்தமாக வருகிறது என்பது காரணமாகாது.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒனக்கென்ன, நீ கட்டுரை எழுதுவ. எனக்கு அவரு தாய்மாமன்டா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் அம்மா சீன வேரைத் தேடுகிறார் என்று நினைத்திருந்தேன். வேராவது ஒன்றாவது. காது குத்த மாமன் மடி வேண்டும். பெரிய மனுஷி ஆனால் பச்சை ஓலை வெட்டிக் குடிசை கட்ட மாமன் வேண்டும். கல்யாணத்தில் மாமன் சீர் வேண்டும். பாட்டி ஒற்றைப் பிள்ளை என்பதால் அம்மாவுக்கு ஒவ்வொரு சடங்கிலும் யாராவது ஒன்றுவிட்டவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். குறை வைக்கவில்லை, நன்றாகவே செய்தார்கள். ஆனாலும் சபையில், "யாரு மாமன் மொறைக்கு?" என்ற கேள்வி எழுந்து, அரை நிமிடம் யாரோ யாரையோ பார்த்து, பிறகு ஒருவர் முன்னால் வருவார். அந்த அரை நிமிடத்தை அம்மா அறுபது வருடமாக மறக்கவில்லை. ரத்த உறவை அறுத்துக் கட்டிய தமிழ்க் குடும்பம்தான் ரத்த உறவு இல்லாமல் செய்ய முடியாத சடங்கையும் அவருக்குக் கொடுத்திருக்கிறது. அவர் சீனரைத் தேடவில்லை. தமிழ் முறையில் காலியாக இருந்த ஒரு இடத்துக்கு ஆள் தேடினார்.

இதை மெல்பர்ன் பெண்ணுக்கு எழுதினேன். ஹொக்கியன் வீடுகளிலும் அப்படித்தான் என்று பதில் வந்தது. வானத்தில் தெய்வம் என்றால் பூமியில் தாய்மாமன் என்கிற மாதிரி அவர்களிடம் ஒரு பழமொழி உண்டாம். கல்யாண விருந்தில் தாய்மாமன் உட்காராமல் யாரும் கை வைக்க மாட்டார்களாம். அவரை 'ஆ கூ' என்று அழைப்பார்கள். அம்மா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ஆ கூ.

அம்மாவின் நியாயத்துக்கு எடை இருக்கிறது, என் வாதத்தை அது கலைக்கவில்லை என்றாலும். என்னைக் குடைந்தது வேறொன்று. பூட்டன் 1930களில் ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். நாமக்கல் பக்கம் என்று மட்டும் தெரியும். எந்த ஊர், அவர் விட்டுவந்த அண்ணன் தம்பி யார், எங்களில் ஒருவருக்கும் தெரியாது, ஒருவரும் தேடவில்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். மூன்று தலைமுறையில் எல்லாம் அழிந்துவிடும். அது மர்மமாகத் தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் முகத்தில் அது தெரியவில்லை. பாட்டியின் முகத்தில் தெரிந்த இழப்பை மட்டும் இழப்பாக எண்ணினோம். ஒவ்வொரு படிவத்திலும் இனம் என்று ஒரு கட்டம் வைத்திருக்கும் நாட்டில் பிறந்தவர்களுக்கு இது இயல்பாக வருகிறது போலும்.

சில மாதம் கழித்து, யாரும் கேட்காமலே, மெல்பர்னிலிருந்து ஒரு படம் வந்தது. அவர்கள் குடும்பத்தின் வம்ச ஏட்டில் ஒரு பக்கம். சீனக் குலங்கள் இப்படி ஏடு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். எந்தத் தலைமுறைக்கு எந்த எழுத்து பெயரில் வர வேண்டும் என்றுகூட முன்கூட்டியே வகுத்து வைத்திருப்பார்கள். கலாச்சாரப் புரட்சியில் எவ்வளவோ ஏடுகள் எரிந்தன. இது நாடு தாண்டி வந்ததால் தப்பித்த பிரதி. அவள் ஒவ்வொரு வரியாக விளக்கி எழுதியிருந்தாள். தாத்தாவின் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கிறது. பக்கத்தில் மனைவி, பெயர் இல்லை, லின் குலத்தவள் என்று மட்டும். கீழே மூன்று மகன்கள், அதில் ஒருவர் தாத்தா. மகள் என்று யாரும் இல்லை.

நான் அதைப் பார்த்துவிட்டு, சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவள் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். தாத்தாவுக்கு இரண்டு அக்காமார் இருந்தார்களாம். கல்யாணம் கட்டிப் போய், பிள்ளை பெற்று, ஈப்போவில் வயதாகி இறந்தவர்கள். அவர்கள் பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வச்சிக்கிட்ட பிள்ளைங்க பேரே இல்ல, குடுத்த பிள்ளை பேரு எப்படி இருக்கும்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அந்த ரெண்டு அக்காங்களுக்கும் பிள்ளைங்க இருப்பாங்கல்ல?" என்று கேட்டார்.

இருக்கிறார்கள். ஈப்போ எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். பெரியவருக்காக வாங்கிய அந்தக் குழாய் இன்னும் பிரிக்கப்படாமல் அம்மாவின் அலமாரியில் இருக்கிறது.